செவி இழந்தவர் எழுதிய ஒற்றைச் சுரம்

இசையைப் பற்றிப் பேசும்போது நாம் மெட்டைப் பற்றியே பேசுகிறோம். பல சுரங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து ஓடினால்தான் இசை என்பது நம் எண்ணம். ஒரே ஒரு சுரம், அதுவும் சில நொடிகளே நீடிக்கும் ஒரு சுரம், கேட்போர் நெஞ்சை உலுக்கிவிட முடியுமா? முடியும் என்று காட்டிச் சென்றார் ஓர் இசை மேதை. அவர் பெயர் பெட்ரிக் ஸ்மெட்டனா. செக் நாட்டு இசையின் தந்தை என்று அந்நாட்டு மக்கள் அவரைப் போற்றுகின்றனர். மொசார்ட், பீத்தோவன் ஆகியோரின் பெயர்களை அறிந்த அளவுக்கு நம் மாணவியர் இவருடைய பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே அவருடைய வரலாற்றைச் சற்று விரிவாகவே இங்குக் காண்போம்.

1824ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், பொஹீமியா நாட்டில் லிட்டொமிஷ்ல் என்னும் சிற்றூரில் ஸ்மெட்டனா பிறந்தார். அந்நாளில் பொஹீமியா ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இன்று அது செக் குடியரசின் ஒரு பகுதி. தந்தையார் பிரான்டிஷெக் ஊர்ப் பிரபுவின் அரண்மனையைச் சேர்ந்த பீர் வடிசாலையை நடத்தி வந்தார். பெண்மக்கள் பலர் இருந்த வீட்டில் முதல் ஆண்மகனாக வந்தவர் நம் ஸ்மெட்டனா. தொழில் எதுவாயினும் தந்தையாருக்கு உயிர் வயலினில்தான் இருந்தது. மாலை வேளைகளில் நண்பர்களுடன் அமர்ந்து நால்வாத்திய இசை வாசிப்பது அவர் வழக்கம். மகனுக்கு முதற்பாடம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. ஐந்து வயதிலேயே சிறுவன் பெரியவர்களோடு சேர்ந்து வயலின் வாசித்தான் என்பர். ஆறு வயதில், 1830ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பேரரசரின் பெயர்விழாவை ஒட்டி நடந்த கச்சேரியில் பலர் முன்னிலையில் பியானோ வாசித்தான்.

பள்ளிப் படிப்பு அவருக்கு அவ்வளவாக ஏறவில்லை. ஊர் ஊராகப் பள்ளிகளை மாற்றினார்கள். 1839ஆம் ஆண்டு பிராகா நகருக்கு அனுப்பினால், அங்கே வகுப்பைவிடக் கச்சேரி மண்டபமே அவரை இழுத்தது. புகழ்பெற்ற பியானோ கலைஞர் லிஸ்ட் அந்நகருக்கு வந்தபோது பள்ளியை மறந்தார் ஸ்மெட்டனா. தந்தையார் சினங்கொண்டு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். (இதைப் படிக்கும் நம் மாணவியர் இந்தப் பகுதியை மட்டும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்!) பிறகு பில்சன் நகரில் அவரைப் பொறுப்பேற்றுப் படிக்க வைத்தவர், பிரெமொன்ஸ்திராத்து சபைத் துறவியும் ஆசிரியருமான உறவினர் ஒருவர். அந்தத் துறவியாரின் பொறுமையால் 1843இல் பள்ளிப் படிப்பு ஒருவழியாக நிறைவுற்றது. லிஸ்டைப்போல் விரல் வேகமும், மொசார்ட்டைப்போல் படைப்பாற்றலும் தமக்கு வாய்க்க வேண்டும் என்று அந்நாளைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இளமையில் யார்தான் பெரிதாக ஆசைப்படவில்லை!

சொற்பப் பணத்துடன் பிராகா வந்து சேர்ந்த இளைஞருக்கு வழிகாட்டியவர் கத்தரீனா என்னும் தோழியின் தாயார். அவர் மூலம் புரோக்‌ஷ் என்ற ஆசிரியரிடம் இசையிலக்கணம் கற்கும் வாய்ப்புக் கிட்டியது. இந்தப் புரோக்‌ஷ் கண்பார்வை அற்றவர். பின்னாளில் செவி இழக்கப்போகும் மாணவருக்குக் கண் இழந்த ஆசிரியர் அமைந்ததை எண்ணிப் பார்க்கிறோம். அவரிடம் கற்ற ஆண்டுகளில் ஒரு பிரபுவின் குழந்தைகளுக்கு இசை கற்பித்து வயிற்றைக் கழுவினார் ஸ்மெட்டனா. 1848இல் பிராகாவில் சொந்தமாக ஓர் இசைப்பள்ளி தொடங்கினார். 1849இல் கத்தரீனாவை மணந்தார்.

அந்த மண வாழ்வில் நான்கு பெண் குழந்தைகள் பிறந்தனர். 1854இல் கபிரியேலா இறந்தாள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் மூத்தவள் பெட்ரிஷ்கா செங்காய்ச்சலால் இறந்தாள். ஐந்து வயதுகூட நிரம்பாத அந்தக் குழந்தைக்கு வியப்பூட்டும் இசைத்திறன் இருந்தது. தந்தை அவள்மீது உயிரையே வைத்திருந்தார். அவள் நினைவாகவே பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக ஓர் இசைப்படைப்பை எழுதினார். 1856இல் கைக்குழந்தையும் போயிற்று. எஞ்சியவள் சோபியா ஒருத்திதான். துன்பங்கள் யாவும் இறைவன் தரும் சிலுவைகள் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். இரண்டே ஆண்டுகளில் மூன்று குழந்தைகளைப் புதைத்த ஒரு தந்தையின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல நமக்கு நா எழாது.

பிராகாவில் பிழைப்பும் சரியாக இல்லை. அவ்வாண்டே சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகருக்குச் சென்று, பியானோ கற்பித்தும் பாடகர் குழுவை நடத்தியும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். வடநாட்டுக் குளிர் கத்தரீனாவின் காசநோயை முற்றச் செய்தது. தாயகம் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டார்கள். வழியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலேயே, 1859 ஏப்ரல் 19ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. மறு ஆண்டு ஸ்மெட்டனா பெட்டீனா என்பவரை மணந்தார். மேலும் இரு பெண் குழந்தைகள் பிறந்தனர். ஆயினும் கத்தரீனாவின் நினைவு அவரை விட்டு அகலவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1861இல் அவர் நிலையாகப் பிராகாவுக்குத் திரும்பியபோது நாட்டில் புதுக்காற்று வீசிக்கொண்டிருந்தது. செக் மக்கள் தங்கள் மொழியில் பேச, எழுத, நாடகம் நடத்த வேண்டும் என்று எழுச்சி கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுக்காக இசை எழுத வந்த ஸ்மெட்டனாவுக்கோ தாய்மொழி சரளமாக எழுத வரவில்லை. அக்காலப் பள்ளிகளில் எல்லாம் ஜெர்மன் மொழியே ஆண்டது. நாட்குறிப்புகூட அவர் ஜெர்மனில்தான் எழுதி வந்தார். வயது நாற்பதை நெருங்கும்போது இலக்கணப் பிழைகளுக்கு அஞ்சாமல் செக் மொழியைப் புதிதாகக் கற்கத் தொடங்கினார். வீட்டுக்குக் கடிதம் எழுதும்போதுகூட ஆங்கிலத்தில் தொடங்கும் நம்மில் சிலர் இதைக் கவனிப்பது நல்லது.

அதன் பயனாக விளைந்தவையே அவருடைய இசை நாடகங்கள். 1866ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் 'விற்கப்பட்ட மணமகள்' அரங்கேறியது. முதல் நாளில் கூட்டம் குறைவுதான். ஆனால் பின்னர் அது நாட்டின் செல்லப்பிள்ளையாகி, அவர் வாழ்நாளிலேயே நூறு முறை மேடையேறியது. அதே ஆண்டு பிராகாவின் தற்காலிக நாடக அரங்கிற்கு அவர் தலைமை இசை நடத்துநரானார். அந்த அரங்கின் இசைக்குழுவில் வியோலா வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரின் பெயர் அந்தோனின் துவோர்ஷாக். பிற்காலத்தில் உலகமே போற்றிய இசைமேதை அவர். அவரை இக்கட்டுரையில் இன்னொரு முறை சந்திப்போம்.

பதவி வந்தால் பகையும் வரும் அல்லவா? ஸ்மெட்டனா அந்நிய பாணியைப் புகுத்துகிறார், நாட்டு இசையைக் கெடுக்கிறார் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அவரைப் பதவியிலிருந்து நீக்க முயன்றார்கள். அந்தச் சண்டைகளின் விவரம் நமக்கு வேண்டியதில்லை. பகைவர்களால் செய்ய முடியாததை நோய் செய்து முடித்தது.

1874ஆம் ஆண்டுக் கோடையில் தொண்டையில் புண்ணும் உடம்பில் தடிப்பும் கண்டன. தொடர்ந்து காது அடைத்துக்கொண்டது. பிறகு ஓசைகள் கேட்கத் தொடங்கின. வெளியே யாரும் எழுப்பாத ஓசைகள்! நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் காதில் எந்நேரமும் ஏதோ இரைகிறது என்று சொல்லக் கேட்டிருப்போம். பெரும்பாலும் உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் பழுதுபடும்போது இது நேர்கிறது. வராத ஒலியை மூளை தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். நமக்கு அது தொல்லை. சுரத்தையே உணவாக உண்டு வாழும் ஒருவருக்கோ? மாலை ஆறு, ஏழு மணி வாக்கில், பிக்கலோ என்னும் சிறு குழலின் உச்சஸ்தாயியில் வாசித்ததுபோல் ஒரு கூரிய சீழ்க்கை ஒலி அவர் தலைக்குள் எழும். முதலில் ஒரு காது கேளாமல் போயிற்று. அக்டோபர் 20ஆம் நாளுக்குள் மற்றொரு காதும் அடங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 50.

பீத்தோவனுக்கும் செவி போயிற்று என்று நம் மாணவியர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பீத்தோவனுக்கு அது இளமையில் தொடங்கிப் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வந்தது. ஸ்மெட்டனாவுக்கோ ஒரு கோடைக்கும் ஓர் இலையுதிர் காலத்துக்கும் இடையே எல்லாம் முடிந்துவிட்டது. கோடையில் இசைக்குழுவை நடத்துபவராக இருந்தவர், குளிர்காலத்தில் ஒரு கதவு சாத்தும் ஒலியைக்கூடக் கேளாதவரானார். நடத்துநர் பதவியை விட்டார். நண்பர்களும் முன்னாள் மாணவியரும் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1875இல் உர்ஸ்பர்க்கிலும் வியன்னாவிலும் இருந்த பெரிய காது மருத்துவர்களைப் போய்ப் பார்த்தார். பேச்சும் இசையும் இன்றித் தனிமையில் அடைந்து கிடக்கும் சிகிச்சையையும் மேற்கொண்டார். பயன் ஏதும் இல்லை.

இனித்தான் வியப்பு. செவி முழுதும் போன ஒரே மாதத்தில், 1874 நவம்பர் 20ஆம் நாள், அவர் ஒரு புதிய படைப்பை எழுதத் தொடங்கினார். டிசம்பர் 8ஆம் நாள் எழுதி முடித்தார். பத்தொன்பது நாட்கள்! அதுவே 'வல்டாவா'. இரண்டு சிற்றூற்றுகள் புல்லாங்குழல்களில் சலசலத்துத் தொடங்கி, ஒன்று சேர்ந்து, காட்டையும் கல்யாண வீட்டையும் நிலவொளியையும் கடந்து, பிராகா நகரைத் தழுவி ஓடும் ஆற்றின் இசைச்சித்திரம் அது. உலகெங்கும் இன்று அதிகமாக இசைக்கப்படும் படைப்புகளில் ஒன்று. அதன் ஒரு துளியைக்கூட அதை எழுதியவர் செவியால் கேட்டதில்லை.

1876இல் பிராகாவில் வாழ வசதியின்றி, மகள் சோபியாவின் வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்றார். மருமகன் காட்டிலாகா அதிகாரி. யாப்கெனிட்ஸே என்னும் சிற்றூரில் காட்டை ஒட்டிய வீடு. நாடக அரங்கம் தருவதாக ஒப்புக்கொண்ட ஓய்வூதியமோ ஆண்டுக்கு 1,200 கில்டர். அதற்கு ஈடாகத் தம் இசை நாடகங்களை அவர்கள் பணம் தராமல் நடத்திக்கொள்ள விட்டுவிட வேண்டியிருந்தது. அந்தத் தொகையும் ஒழுங்காக வந்து சேரவில்லை. நீண்ட நேரம் இசை எழுதினால் தலைக்குள் இரைச்சல் கூடும். சிறிது எழுதி, சிறிது ஓய்ந்து, மீண்டும் எழுதவேண்டும். அந்த வீட்டில்தான் அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் அந்தப் படைப்பை முடித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'என் வாழ்விலிருந்து'.

பெரிய இசைக்குழுவுக்காக அதை அவர் எழுதவில்லை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கே வாத்தியங்களுக்கு எழுதினார். தந்தையார் வீட்டில் குழந்தைப் பருவத்தில் கேட்ட அதே நால்வாத்திய இசைதான். நெருங்கிய நண்பர்கள் சிலர் ஓர் அறையில் அமர்ந்து மனம்விட்டுப் பேசுவதுபோல் அந்த இசை அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். தம் கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான உருவம் வேறென்ன இருக்கிறது?

நான்கு பகுதிகளில் அவர் வாழ்க்கை விரிகிறது. முதற்பகுதி இளமை, கலையின்மீது கொண்ட தாகமும், ஏதோ தீங்கு வரப்போகிறது என்ற சொல்ல முடியாத அச்சமும் அதில் கலந்திருக்கின்றன. இரண்டாம் பகுதி போல்கா நடனம். இளமையில் ஆட்டத்தில் அவருக்கு அவ்வளவு மோகம். மூன்றாம் பகுதி மிக மெதுவாக, செல்லோவின் தனிக்குரலில் தொடங்குகிறது. அது கத்தரீனாவுக்காக எழுதியது. அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. நான்காம் பகுதியில் மகிழ்ச்சி துள்ளி ஓடுகிறது; தம் நாட்டு மக்களின் இசையைக் கண்டுகொண்டு அதில் வெற்றியும் பெற்ற காலம் அது. கேட்பவர் கால்கள் தாமாகத் தாளம் போடும்.

அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது இசை சட்டென நின்றுவிடுகிறது. ஒரு கணம் நிசப்தம். பிறகு கீழே மூன்று வாத்தியங்கள் வில்லை நடுக்கி நடுக்கி இருண்ட ஒலி எழுப்புகின்றன. அவற்றுக்கு வெகு உயரத்தில் முதல் வயலின் ஒரே ஒரு சுரத்தைப் பிடிக்கிறது. மேற்கத்திய இசையில் 'ஈ' எனப்படும் சுரம். நம் இசையறையில் உள்ள பியானோவில் அதைத் தேடுவோர் நடுவில் உள்ள 'ஈ' கட்டையிலிருந்து மூன்று ஸ்தாயி மேலே போக வேண்டும். ஏறத்தாழ வலக்கோடிக்கே போய்விடுவோம். அந்தச் சுரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஊசிபோல் நிற்கிறது. சில நொடிகள்தாம். ஆனால் அந்தச் சில நொடிகளும் முடியாதுபோல் தோன்றுகின்றன.

நீண்டொலிக்கும் ஒற்றைச் சுரம் நமக்குப் புதிதன்று. தம்புராவும் சுருதிப்பெட்டியும் இல்லாமல் நம் நாட்டில் கச்சேரி ஏது? ஆலயத்தில் பாடல் தொடங்குமுன் ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துத்தானே சகோதரியார் நமக்குத் தொடக்கம் கொடுக்கிறார்? அந்தச் சுரம் நமக்குத் தரை. அதன்மேல் நின்று பாடுகிறோம். எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற நிம்மதியை அது தருகிறது. சற்று நேரத்தில் அது ஒலிப்பதையே மறந்துவிடுகிறோம். மேற்கத்திய இசையிலும் கீழ்ச்சுரம் ஒன்றை நீட்டிப் பிடித்து அதன்மேல் மற்றவற்றை ஓடவிடும் வழக்கம் உண்டு. இந்தப் படைப்பின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது. வியோலா முதல் மெட்டைப் பாடும்போது செல்லோ கீழே அதே 'ஈ' சுரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

அப்படியானால் முடிவில் வரும் அந்த 'ஈ' மட்டும் ஏன் நம்மை நடுங்க வைக்கிறது? காரணங்கள் சில நமக்குத் தோன்றுகின்றன. கீழே இருந்து தாங்கவேண்டிய சுரம் தலைக்குமேல் தொங்குகிறது. அதோடு, அது ஒலிக்கும் உயரம் சாதாரணமானதன்று. வினாடிக்கு ஏறத்தாழ 2,600 அதிர்வுகள் கொண்ட ஒலி அது. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணர்வது வினாடிக்கு 2,000 முதல் 5,000 வரையான அதிர்வுகளைத்தான் என்று அறிவியல் கூறுகிறது. அதனால் மெல்லிய ஒலியும் அங்கே குத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குமுன் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நினைக்க வேண்டும். சோகமான இசைக்குப்பின் அந்தச் சுரம் வந்திருந்தால் இன்னொரு சோகம் என்று கேட்டுவிட்டுப் போயிருப்போம். ஆட்டமும் சிரிப்புமாக இருந்த வீட்டில் தந்திக்காரன் வந்து கதவைத் தட்டியதுபோல் அல்லவா அது வருகிறது!

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. அவர் தலைக்குள் மாலைதோறும் கேட்டது உண்மையில் ஒற்றைச் சுரமே அன்று. மூன்று சுரங்கள் சேர்ந்த ஏ-பிளாட் மேஜர் சுரக்கோவை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த மூன்றில் 'ஈ' சுரம் இல்லவே இல்லை. கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருந்தால் அது மருத்துவக் குறிப்பாக நின்றிருக்கும். அவரோ இந்த இசை எந்தச் சுரத்தில் வேரூன்றி நிற்கிறதோ அந்தச் சுரத்தையே எடுத்தார். தரையாக இருந்ததையே பறித்து உச்சியில் தொங்கவிட்டார். தமக்கு நேர்ந்ததும் அதுதானே? வாழ்நாளெல்லாம் எந்த ஒலி அவரைத் தாங்கியதோ, அந்த ஒலியே அவரைக் கவிழ்த்தது. இவ்வாறு கொள்வது நம் கருத்து. இசை வல்லோர் வேறு விதமாகவும் சொல்லலாம்.

1878 ஏப்ரலில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சுரம் தம் காதுகேளாமையின் தொடக்கத்தைக் குறிப்பது என்று ஸ்மெட்டனா விளக்கினார். தமக்கு அவ்வளவு கேடு செய்த ஒன்றானதால் இந்தச் சிறு விளையாட்டுக்குத் தாம் இடங்கொடுத்ததாகவும் தெரிவித்தார். விளையாட்டாம்! அந்தச் சொல்லைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தச் சுரத்தோடு இசை முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது ஓய்ந்தபின், முதற்பகுதியில் இளமையைப் பாடிய மெட்டு ஒரு கணம் தலைகாட்டுகிறது; நான்காம் பகுதியின் மகிழ்ச்சியும் ஒரு நினைவாக வந்து போகிறது. பிறகு ஒலி மெல்லக் குறைந்து, விரலால் மீட்டிய சில தந்திகளின் அதிர்வோடு அடங்குகிறது. அழுகையோ ஆரவாரமோ இல்லை.

பிராகாவில் இருந்த இசைச் சங்கம் ஒன்று முதலில் இதை வாசிக்க மறுத்துவிட்டது. மிகக் கடினம், நால்வாத்தியத்துக்கு ஏற்ற நடையாக இல்லை என்று காரணம் சொன்னார்கள். 1878இல் நண்பர் ஒருவரின் இல்லத்தில் சிலர் கூடி வாசித்தார்கள். முதன்முதலில் வாயைத் திறந்து கதை சொல்லத் தொடங்கும் அந்த வியோலாவை அன்று வாசித்தவர் துவோர்ஷாக். ஒரு காலத்தில் தமக்கு நடத்துநராக இருந்தவரின் வாழ்க்கையைத் தம் வில்லால் தொடங்கி வைக்கும்போது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்! 1879ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் பொதுமக்கள் முன்னிலையில் அது அரங்கேறியது. அதன்பின் எத்தனையோ வயலின் கலைஞர்கள் அந்த 'ஈ' சுரத்தை எத்தனையோ நாடுகளில் வாசித்துவிட்டார்கள். எழுதியவர் மட்டும் அதை வெளியிலிருந்து ஒருமுறையும் கேட்டதில்லை.

செவி இழந்தபின் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ பத்து ஆண்டுகள். 'முத்தம்', 'இரகசியம்', 'சாத்தானின் சுவர்' என்னும் மூன்று இசை நாடகங்களை அந்த ஆண்டுகளில் எழுதி முடித்தார். வல்டாவாவையும் சேர்த்து ஆறு பகுதிகள் கொண்ட 'என் தாய்நாடு' 1882 நவம்பர் 5ஆம் நாள் பிராகாவில் முழுமையாக இசைக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முடிந்த பின்னும் அவரைப் பிரிந்து போக அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர் அந்தக் கைகளைக் கண்களால் பார்த்தார்.

இரண்டாவது நால்வாத்தியப் படைப்பு ஒன்றையும் 1883இல் முடித்தார். அது முதலாவதைப்போல் தெளிவாகக் கதை சொல்வதில்லை. எண்ணங்கள் அறுந்து அறுந்து ஓடுகின்றன. அப்போதே நினைவும் பேச்சும் தடுமாறத் தொடங்கியிருந்தன. 1884 ஏப்ரலில் வீட்டாரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வந்து, பிராகாவின் மனநல மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றனர். மே 12ஆம் நாள் அங்கேயே உயிர் துறந்தார். மூன்று நாட்களுக்குப்பின் பிராகாவின் பழைய நகரச் சதுக்கத்தை நோக்கி நிற்கும் தீன் தேவமாதா ஆலயத்தில் இறுதிச் சடங்கு நடைபெற்றது. ஆற்றங்கரைப் பாறைமேல் அமைந்த விஷெராட் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பாறையின் அடிவாரத்தில் வல்டாவா ஆறு ஓடுகிறது. 1952 முதல் பிராகாவின் வசந்தகால இசைவிழா அவர் இறந்த நாளாகிய மே 12ஆம் நாள் 'என் தாய்நாடு' இசையோடு தொடங்கும் வழக்கம் ஏற்பட்டது.